எந்தப் பிறந்த திகதி?

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. 5.50க்கு எழுந்தேன். பால் விடாத தேநீர் ஒன்று. முந்தின நாள் குறிப்பை வாசித்து, அதில் "மதியத்துக்குப் பிறகு" என்றிருந்ததை "2.15" என்று திருத்தினேன். 6.40க்கு வாரத்துக்குரிய ஐந்து சட்டைகளை இஸ்திரி போட்டேன். 7.30க்குக் கீழே பேக்கரிக்குப் போய்ப் பாண் வாங்கினேன். வழக்கமாக நிற்கும் பெண்ணுக்குப் பதிலாக அவளுடைய தகப்பன் நின்றார், பாண் கொஞ்சம் கருகியிருந்தது. 9.05க்கு ஒபர்வில்லியே வீட்டைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு மெத்ரோவுக்கு நடந்தேன். 9.48க்கு, பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கதவைத் திறந்தேன்.

கூட்டம் 10.30க்கு. தலைவர் 11.10க்கு வருவார். நிகழ்ச்சி நிரலில் 11.10 என்றே அச்சிட்டுவிடலாம் என்று பல வருடங்களாக எனக்கொரு எண்ணம் உண்டு. அப்படி அச்சிட்டால் அவர் 11.50க்கு வருவார் என்பதால் விட்டுவிட்டேன்.

அன்றைய நிரலில் இருந்தது ஒரே ஒரு விடயம்: உளவியலாளர்களின் அனுமதி அட்டை எந்தத் திகதியில் காலாவதியாக வேண்டும் என்பது.

எங்கள் சங்கம் ஒரு புடவைக் கடைக்கு மேலே, முதலாம் மாடியில் இரண்டு அறைகளில் இருக்கிறது. வெளி அறையில் என் மேசையும் ஆறு கதிரைகளும். உள் அறையில் இரண்டு கதிரைகள், கடதாசிக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று. சனிக்கிழமைகளில் தமிழ் தெரிந்த உளவியலாளர்கள் நேரம் பிரித்துக்கொண்டு அந்த உள் அறையில் ஆட்களைச் சந்திப்பார்கள். ஒன்பது பேர், எல்லோரும் முறையாகப் படித்துப் பட்டம் பெற்றவர்கள். இந்த நாட்டில் அந்தப் பட்டத்தை ஒருமுறை வாங்கிவிட்டால் அதற்கு முடிவுத் திகதி கிடையாது. எங்கள் சங்கத்துக்கு அது போதவில்லை. நாங்கள் தனியாக ஓர் அனுமதி அட்டை கொடுத்து, அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறோம். பிரெஞ்சு அரசு நம்பி விட்டுவிட்ட இடத்தில் நாங்கள் நம்பாமல் காவல் நிற்கிறோம். அட்டை செல்லுபடியாக இருந்தால்தான் உள் அறைத் திறப்பை, அதாவது சாவியை, நான் கொடுக்கலாம். கட்டிடத்தின் அசூரான்ஸ் பத்திரத்தில் அப்படியொரு வரி இருக்கிறது. காப்புறுதிக்காரர் அந்த வரியைக் கேட்கவில்லை. நாங்கள்தான் வற்புறுத்திச் சேர்ப்பித்தோம்.

ஒன்பது அட்டைகளும் டிசம்பர் 31இல் முடியும். டிசம்பரில் தலைவர் ஊருக்குப் போவார். போன டிசம்பரும் போனார், தங்கை மகளின் கலியாணத்துக்கு. சங்க முத்திரை அவருடைய கடை அலுமாரியில் இருந்தது. அலுமாரித் திறப்பு அவருடைய இடுப்புப் பையில் இருந்தது. இடுப்பு யாழ்ப்பாணத்தில் இருந்தது. ஆக, ஜனவரி முதலாம் திகதி ஒன்பது உளவியலாளர்களும் எங்கள் கண்ணில் உளவியலாளர்களாக இல்லாமற் போனார்கள். மூன்று சனிக்கிழமைகள் உள் அறை பூட்டிக் கிடந்தது. ஒருவர் மட்டும் விட்டுக்கொடுக்காமல் எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையில் ஒரு மனிதரின் பிரச்சினையை முக்கால் மணித்தியாலம் வடையை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டாராம். இடையில் கடைக்காரரும் வந்திருந்து தன்னுடைய ஆலோசனையைச் சொன்னாராம். அவருடைய ஆலோசனை நன்றாக இருந்தது என்று அந்த மனிதர் பிறகு என்னிடம் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமைகளில் முதல் இரண்டிலும் ஆர்ஜொந்தெயிலிருந்து ஓர் அக்கா வந்தார். அறுபதை நெருங்கியவர், அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை. போன ஒக்டோபரிலிருந்து சனி தவறாமல் பத்து மணிக்கு அவருக்கு ரொந்தேவு. சந்திப்புக்கு எங்கள் ஆட்கள் தமிழ் கதைக்கும்போதும் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். 9.40க்கே வந்து, மேலங்கியைக் கழற்றாமல், வாசலுக்குக் கிட்டவுள்ள கதிரையில் இருப்பார். உள்ளே என்ன கதைத்தார் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஜனவரி 4ஆம் திகதி உள் அறை பூட்டியிருந்ததைப் பார்த்துப் பரவாயில்லை என்றார். 11ஆம் திகதி படியில் அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஐந்து சனிக்கிழமைகள் வரவில்லை. அவற்றில் நான்கில் அறை திறந்திருந்தது. அவரைப் பார்க்கும் உளவியலாளர் பலமுறை தொலைபேசியில் அழைத்த பிறகு, பெப்ரவரி 22ஆம் திகதிதான் அக்கா திரும்பி வந்தார்.

மார்ச் 8ஆம் திகதி, கூட்டத்துக்கு முதல் நாள், அந்த அக்கா போகும்போது என் மேசைக்கு முன்னால் நின்றார். அதுவரை அவர் என்னிடம் வணக்கத்துக்கும் அந்த ஒரு பரவாயில்லைக்கும் மேல் கதைத்ததில்லை.

"தம்பி, வாற சனி கதவு திறந்திருக்குமோ?"

"ஓம் அக்கா, திறந்திருக்கும்."

அவர் படியிறங்கிய பிறகு உளவியலாளர் உள் அறையிலிருந்து வந்தார். நாற்பதைத் தாண்டிய பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், ஆறு வயதிலிருந்து இந்த நாட்டில் இருப்பவர். ஆட்களைப் பற்றி ஒருபோதும் என்னிடம் கதைக்காதவர், அன்று ஒன்று மட்டும் சொன்னார்: "அண்ணை, இன்னொருக்கா அவ வந்து கதவு பூட்டியிருந்தால் பிறகு வரமாட்டா. இஞ்சை மட்டுமில்லை, ஓரிடத்துக்கும் போகமாட்டா." நான் அதை அன்றைய குறிப்பில் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். தலைவர் 11.10க்கு வந்தார். செயற்குழுவில் நாங்கள் ஐந்து பேர். தலைவர் லா சப்பலில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர். யாழ்ப்பாணம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பொருளாளர் பாண்டிச்சேரிக்காரர், தபாலகத்தில் ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் இளைஞர். உளவியலாளர்களின் பிரதிநிதியாக மேலே சொன்ன பெண். செயலாளர் நான்.

தலைவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்று அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்தையும், கண்ணைச் சோதிக்க வரும்படி நினைவூட்டலையும் ஒரே கடிதத்தில் அனுப்பியிருந்ததாம். அதை வாசித்த கணத்தில் சங்கத்தின் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றார்.

"அவரவர் அட்டை அவரவர் பிறந்தநாளில முடியட்டும். வருசம் முழுக்கப் பரவிப் போயிடும். மாசத்துக்கு ஒண்டு, மிஞ்சினால் ரெண்டு. செயலாளருக்கும் சுகம்."

பொருளாளர் ஆமோதித்தார். ஆய்வுகூட இளைஞர் இது விஞ்ஞானபூர்வமானது என்றார். தீர்மானம் பதினொரு நிமிடத்தில் நிறைவேறியது. அதற்குப் பிறகு, புதுப்பித்த அட்டையைக் கொடுக்கும்போது கேக் வெட்டுவதா என்பது இருபத்தாறு நிமிடங்கள் பேசப்பட்டது. பிறந்தநாள் வெள்ளிக்கிழமையில் வந்தால் முட்டை போட்ட கேக் எப்படி என்று பொருளாளர் கேட்டார். கடைசியில் கேசரி என்று முடிவாயிற்று; கேசரி பண்பாட்டுக்கும் பொருந்தும் என்று தலைவர் சொன்னதைப் பதிவு செய்தேன்.

தீர்மானத்தின் வாசகத்தைத் தலைவரே சொல்லச் சொல்ல எழுதினேன். அவருக்குப் பிடித்த இரண்டு தொடர்கள் அதில் வந்தன: "உடனடியாக நடைமுறைக்கு வரும்", "எக்காரணம் கொண்டும் நீடிக்கப்படமாட்டாது". புதுப்பிப்பதற்குச் செயற்குழு கூடித்தான் அனுமதிக்க வேண்டும் என்ற பழைய விதி அப்படியே இருக்கும். அடுத்த கூட்டம் ஜூன் 15. ஏப்ரலில் புத்தாண்டு விழா, மே மாதத்தில் விளையாட்டுப் போட்டி; இடையில் கூட நேரமில்லை.

இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். நான் ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த விற்பனைக் கிடங்கில் பொருட்களின் திகதி பார்ப்பவன். தேங்காய்ப்பால் தகரம், ஊறுகாய்ப் போத்தல், கருவாடு, எல்லாம் என் கையால்தான் வெளியே போகும். சில பொருட்களில் உள்ள திகதிக்குப் பிறகு அதை உண்ணவே கூடாது. சிலவற்றில் உள்ள திகதிக்கு முன்னால் உண்டால் நல்லது, பிறகு உண்டாலும் ஆள் சாகமாட்டார். சிலவற்றில் இருப்பது பெட்டியில் அடைத்த திகதி. ஒரு திகதியைக் கண்டதும் இது எதனுடைய திகதி என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சங்கத்தில் என்னைச் செயலாளராக்கியதும் அதனால்தான்; காலாவதி தெரிந்த ஆள் என்று தலைவர் அப்போது அறிமுகப்படுத்தினார்.

எனவே, தீர்மானம் நிறைவேறி, கேசரியும் நிறைவேறி, எல்லோரும் மேலங்கிக்குக் கையை நீட்டியபோது நான் கேட்டேன்: "எந்தப் பிறந்த திகதி?"

நீட்டிய கைகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் திரும்ப உட்கார்ந்தார்கள். அது எத்தனை மணிக்கு என்று தெரியாது. மணிக்கூட்டைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

முதலில் பேசியவர் பொருளாளர். "எந்தத் தேதின்னா? பொறந்த தேதி ஒண்ணுதானே. என்னோட அக்த் து நெசான்ஸ்ல நிமிஷம்கூட இருக்கு. காலையில ஆறு பத்து." பாண்டிச்சேரியில் பிறப்புச் சான்றை அப்படித்தான் சொல்வார்கள், அப்படித்தான் பத்திரப்படுத்துவார்கள்.

"நீங்கள் ராசா வீட்டுப் பிள்ளை ஐயா," என்றார் தலைவர். "நாங்கள் அப்பிடியே?"

எங்களில் பலர் அப்படி இல்லை. ஓடி வந்தவர்களிடம் பத்திரம் கேட்டபோது இருக்கவில்லை. ஆண்டை மட்டும் சொன்னவர்களுக்கு அதிகாரி ஜனவரி முதலாம் திகதியைப் போட்டுக் கொடுத்தார். ஏஜென்ட் கொடுத்த கடவுச்சீட்டில் வந்தவர்களுக்கு அந்தக் கடவுச்சீட்டுக்காரர் பிறந்த நாள் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. இருபது முப்பது வருடங்களாக அதே நாளில் வங்கி வாழ்த்து அனுப்புகிறது, பிள்ளைகள் படம் கீறித் தருகிறார்கள். வீட்டுக்குள் இன்னொரு நாளில் கோயிலுக்குப் போகிறார்கள். லா சப்பலில் யாரும் யாரிடமும் பிறந்த திகதி எது என்று கேட்பதில்லை. பேப்பரில் என்ன என்றுதான் கேட்பார்கள். இந்த வழக்கம் எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன். தெரிந்துகொண்டே கேட்டேன், ஏனென்றால் படிவத்தில் ஒரு பெட்டி நிரப்பப்பட வேண்டியிருந்தது.

ஆய்வுகூட இளைஞர் உற்சாகமானார். "எங்க கிளாஸ்ல முப்பத்தெட்டு பேரும் ஜூன்ல பொறந்தவங்க சார். ஸ்கூல்ல சேர்க்கும்போது கையைத் தலைக்கு மேல போட்டு அந்தப் பக்கக் காதைத் தொடச் சொல்வாங்க. தொட்டுட்டா அஞ்சு வயசு. ஹெட்மாஸ்டரே ஒரு தேதி போட்டுப்பார்."

"அப்ப உண்மையாப் பிறந்தது எப்ப?" என்று தலைவர் கேட்டார்.

"புரட்டாசி சனிக்கிழமைன்னு அம்மா சொல்வாங்க. எந்தச் சனிக்கிழமைன்னு கேட்டா கோபம் வந்துரும்."

இதற்கிடையில் நான் ஒன்பது உளவியலாளர்களின் கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். ஒருவர் பாண்டிச்சேரிக்காரர், நிமிடத்தோடு பிறந்தவர். ஒருவர் தமிழ்நாடு, ஜூன். ஒருவர் பாரிஸ் புறநகரான பொண்டியில் ஆஸ்பத்திரியில் பிறந்தவர். பேப்பரும் சாதகமும் ஒத்துப்போகும் ஒரே யாழ்ப்பாணப் பிள்ளை. ஒருவர் எங்களுக்கு எதிரே இருந்த பெண். மீதி ஐந்து பேருக்கும் ஜனவரி முதலாம் திகதி. ஐந்து அட்டைகள் இதுவரை டிசம்பர் 31இல் முடிந்தன. இனி ஜனவரி 1இல் முடியும். சீர்திருத்தத்தால் நாங்கள் அடைந்த முன்னேற்றம் ஒரு நாள், அதுவும் அரச விடுமுறை. நான் இதை வாசித்துக் காட்டினேன்.

தலைவர் தளரவில்லை. "அப்ப உண்மையான திகதியைப் போடுவம். குறிப்பு எல்லாரிட்டையும் இருக்குத்தானே?" எங்கள் பக்கத்தில் சாதகத்தைக் குறிப்பு என்போம். "என்ரை ஆடி மாசம், பூரம். பேப்பரில உள்ளதைவிட ரெண்டு வயசு கூட."

"அப்போ தலைவரே, ரெண்டு வருஷம் முன்னாடியே பென்ஷன் எடுத்திருக்கணும் நீங்க," என்றார் பொருளாளர்.

"அந்தக் கவலையிலதான் மயிர் கொட்டினது."

அடுத்த பத்து நிமிடம் அந்த அறையில் நான் கண்டிராத சந்தோசம். தலைவர் தன் மனைவியின் உண்மையான மாதத்தையும், இல்லாத ஒரு தம்பியின் பெயரில் தன் மைத்துனர் பாரிஸ் வந்து சேர்ந்ததையும் சொன்னார். இளைஞர் தன் தகப்பனுக்கு மூன்று பிறந்த திகதிகள் என்றார். பொருளாளருக்குத் தன்னிடம் ஒரே ஒரு திகதி இருப்பதில் முதன்முறையாகக் கொஞ்சம் வெட்கம் வந்தது போலத் தெரிந்தது. நான் எல்லாவற்றையும் எழுதினேன். கூட்டத்தில் சொல்லப்படுவதை எழுதுவது செயலாளரின் கடமை.

உளவியலாளர் சிரிக்கவில்லை. அவர் காத்திருந்து, சத்தம் அடங்கிய பிறகு பேசினார். அட்டைகளின் பட்டியல் ஆண்டுதோறும் காப்புறுதிக்காரருக்குப் போகிறது, கூடவே அடையாள அட்டைப் பிரதியும் போகிறது. உண்மையான பிறந்த திகதி என்று ஒன்றை எழுதி முத்திரை குத்தினால், அடையாள அட்டையில் உள்ளது அப்போது என்ன என்று யாராவது கேட்பார்கள். தான் ஆறு வயதில் யாரோ ஒரு தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தாயின் பிள்ளையின் இடத்தில் வந்ததாகச் சொன்னார். பள்ளிக்கூடம், பட்டம், குடியுரிமை, தன் இரண்டு பிள்ளைகளின் பதிவு, எல்லாம் அந்தப் பிள்ளையின் திகதியில்தான் நிற்கின்றன. உண்மையை எழுதினால் அத்தனையும் ஆடும். பேப்பர்த் திகதியை எழுதினால், அது இந்த வாரத்துக்குள் வருகிறது, சனிக்கிழமைக்கு முன்னால்; அன்றோடு அட்டையும் முடியும்.

"இப்ப நான் என்னத்தை எழுதுறது, அண்ணை?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

தலைவர் யோசித்தார். இரக்கமில்லாதவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். "அப்ப பேப்பர்த் திகதிதான். அதுதான் எல்லாருக்கும் பாதுகாப்பு," என்றார். உளவியலாளரின் அட்டை மட்டும் ஜூன் 15 வரை செல்லாமல் இருக்கும். மூன்று மாதம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஆர்ஜொந்தெய் அக்காவை அதுவரை வேறொருவர் பார்க்கட்டும், எட்டுப் பேர் இருக்கிறார்கள்தானே என்றார்.

"தலைவர், உங்கட கடையில வெண்டிக்காய் முடிஞ்சால் சனம் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போகும். இது அப்பிடியில்லை," என்றார் உளவியலாளர்.

"பிள்ளை, ஒருத்தருக்காகச் சட்டத்தை வளைக்கேலாது."

சட்டம் பிறந்து அப்போது ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் ஆகியிருந்தது.

நான் ஒரு யோசனை சொன்னேன். ஒவ்வொருவருக்கும் முதல் அட்டை கொடுத்த திகதி என் பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. அந்தத் திகதியில் முடியட்டும். அது யாருக்கும் பொய்யில்லை, யாரும் மறைக்கவும் வேண்டியதில்லை. மிக முந்தியது ஜூன் கடைசியில் வரும், இவருடையது நவம்பரில். தலைவர் கவனமாகக் கேட்டார். நல்ல யோசனை என்றும் சொன்னார். ஆனால் தீர்மானம் நிறைவேறிவிட்டது, இதை ஜூனில் பார்ப்போம் என்றார். யோசனையில் இருந்த ஒரே குறை, அது என் வாயிலிருந்து வந்தது.

"அறிக்கையை எழுதி நாளைக்குக் காலமை கடைக்குக் கொண்டு வாங்கோ, தம்பி. நான் கையெழுத்து வைச்ச உடனை அது சட்டம்."

பொருளாளரும் இளைஞரும், தலைவரின் கையெழுத்து இருந்தால், வாசிக்காமலே தங்கள் கையெழுத்தை இடுவார்கள். 1.20க்குக் கூட்டம் கலைந்தது. படியில் உளவியலாளர் நின்றார். அந்த அக்காவை இன்றைக்கே அழைத்து, சனிக்கிழமை வரவேண்டாம் என்று சொல்லிவிடவா என்று கேட்டார். வந்து பூட்டைப் பார்ப்பதைவிட அது மேல் என்றார். நாளை காலை எட்டு மணி வரை பொறுக்கும்படி சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது. என் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

வீட்டில் சோறும் பருப்பும், முதல்நாள் மீன்குழம்பு. 4.30க்கு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். பத்தொன்பது வருடங்களாக எங்கள் சங்கத்தின் அறிக்கை எதுவும் ஒரு பக்கத்தைத் தாண்டியதில்லை. அடிபிடி வரை போன கூட்டங்களைக்கூட நான் "நீண்ட கலந்துரையாடலின் பின் ஏகமனதாக" என்ற ஒரே வரியில் சமாதானப்படுத்தியிருக்கிறேன். ஆனால் யாப்பின் பதினான்காம் பிரிவு வேறு சொல்கிறது: கூட்டத்தில் கூறப்பட்டவை கூறப்பட்டவாறே பதியப்பட வேண்டும், பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் காப்புறுதிக்காரருக்கும் நகரசபைக்கும் கட்டிட உரிமையாளருக்கும் அனுப்பப்பட வேண்டும். ஒரு காலத்தில் முந்தைய செயலாளர்மேல் இருந்த கோபத்தில் தலைவர் தானே எழுதிச் சேர்த்த பிரிவு அது. ஒரு பக்கச் சுருக்கத்தை அனுப்பியதைத் தவிர, ஒருவரும் இதுவரை அதைப் பின்பற்றவில்லை.

அன்று பின்பற்றினேன். கூறப்பட்டவை கூறப்பட்டவாறே. தலைவரின் பேப்பர்த் திகதி, ஆடிப் பூரம், இரண்டு வயது வித்தியாசம், மனைவியின் மாதம், மைத்துனர் வந்த வழி. பொருளாளரின் காலை ஆறு பத்து. இளைஞரின் காது. ஆறு பக்கம் வந்தது. 7.15க்கு முடித்தேன்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை. உளவியலாளர் சொன்ன இடத்தில் "பிரதிநிதி தம் நிலையை விளக்கினார்" என்று விட்டுவிட்டேன். அந்த ஆறு பக்கத்திலும் தெரிந்துகொண்டே நான் விட்ட ஒரே விடுபடல் அது. இங்கேயும் அவருடைய திகதியை எழுதவில்லை. மற்றவர்களின் மாதங்களையும் நட்சத்திரத்தையும் மாற்றியிருக்கிறேன்.

இதை மிரட்டல் என்று சொல்லலாம். தலைவரும் பின்னர் ஒருமுறை, சிரித்துக்கொண்டு, அப்படிச் சொன்னார். நான் மறுக்கவில்லை. ஒரு வார்த்தையும் கூட்டாமல் எழுதியதுதான் உண்மை. எதற்காக அன்றைக்கு மட்டும் அப்படி எழுதினேன் என்பதும் உண்மை. நிறைவேறிய தீர்மானத்தைக் கூட்டமில்லாமல் மாற்ற வழிபார்த்தது ஒழுங்கில்லை. அதையும் இங்கே பதிந்து வைக்கிறேன். 9.45க்குப் படுத்தேன்.

மார்ச் 10, திங்கட்கிழமை. முதல் வேலையாக, தேநீர்கூடப் போடாமல், தலைவரின் கடைக்குப் போனேன். 7.20. இரும்புக் கதவு பாதி ஏறியிருந்தது. அவர் முருங்கைக்காய்ப் பெட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு, அறிக்கையைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்து, பேனையையும் எடுத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார். மூன்றாம் பக்கத்தில் பேனையைக் கீழே வைத்தார்.

"இது ஆருக்குப் போகும்?"

"வழமையான ஆக்களுக்குத்தான், தலைவர். பதினாலாம் பிரிவு."

அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பெறுநர் பட்டியலைப் பார்த்தார். மீண்டும் மூன்றாம் பக்கத்துக்கு வந்தார். வெளியே ஒரு லொறிக்காரன் வழி கேட்டு ஹோர்ன் அடித்தான். அவர் தலை நிமிரவில்லை.

"நேற்று ஒரு கதை வந்தது. முதல் அட்டை குடுத்த திகதியெண்டு. அது ஆற்றை யோசனை?"

"உங்கடை எண்டு எழுதலாம்."

"எண்டால் எழுதுங்கோ."

அங்கேயே, தராசுக்குப் பக்கத்தில் நின்று, புதிய அறிக்கையை ஒரே பக்கத்தில் எழுதினேன். கையெழுத்திட்டார். ஆறு பக்கத்தையும் அவரே நான்காகக் கிழித்து, கோவா இலைகள் கிடந்த தொட்டியில் போட்டு, மேலே இன்னும் கொஞ்ச இலையை அள்ளிப் போட்டார். நான் வெளியே நடைபாதைக்கு வந்து உளவியலாளரை அழைத்தேன். 7.46.

"அந்த அக்காவுக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை பத்து மணி இருக்கு."

மறுமுனையில் பிள்ளைகள் சப்பாத்துக்காகப் பிரெஞ்சில் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது.

"சரி அண்ணை," என்றார்.